தொண்ணூறில் நடுங்கிய ஸ்டியரிங்

என் காரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும், 90-ல் கை மரத்துப்போகும், 110-ல் ஓரளவு அடங்கிவிடும். இரண்டு முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) செய்தேன், ஒரு முறை அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். நடுக்கத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அதுவல்ல.

அப்புறம்தான் எப்போது நடுங்குகிறது என்று கவனித்துக் குறித்து வைத்தேன். பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா? இல்லை. கூடியிருந்தால் பிரேக் டிஸ்க் சமமாகத் தேயவில்லை என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வருகிறதா? அதுவும் இல்லை. அப்படி வந்தால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் வண்டி குலுங்கினால் இன்ஜின் மவுன்ட்டோ (இன்ஜினைத் தாங்கும் பிடிமானம்) மிஸ்ஃபயரோ (இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாதது) காரணமாக இருக்கலாம். என் வண்டி நிற்கும்போது அமைதியாகவே இருந்தது. கடைசியாக, அதே 90-ல் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டினேன். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுழலும் வேகம், மாறியது, நடுக்கம் மாறவில்லை. சரி, இன்ஜின் இல்லை, சக்கரம்தான்.

முன் இடது சக்கரத்தையும் பின் இடது சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டேன். ஸ்டியரிங் அடங்கி, சீட் அதிரத் தொடங்கியது! நடுக்கம் சக்கரத்தோடு பின்னால் போய்விட்டது. பின்னால் போன அந்தச் சக்கரத்தைக் கழற்றி வைத்து, டயரின் தரை படும் பகுதியைச் சுற்றிலும் உள்ளங்கையால் மெல்லத் தடவினேன். ஓரிடத்தில் லேசான மேடு. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட் பிரிந்திருந்தது. பேலன்சிங் எடையைத்தான் சமன் செய்யும், வட்டம் குலைந்த டயரை வட்டமாக்காது. அந்த டயரோடு பின்சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த மேடு எந்த நேரமும் கிழிந்திருக்கலாம்.

புது டயர் போட்டதும் நடுக்கம் நின்றது.

இன்னொன்று. சக்கரம் கழற்றி மாட்டிய உடனே நடுக்கம் புதிதாக வந்தால், எங்கே இருந்தாலும் ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள். நட்டு தளர்ந்தால் சக்கரமே கழன்றுவிடும். நான் இப்போதெல்லாம் டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவு விசையில் முடுக்கும் கருவி) வைத்து, எதிரெதிராக முடுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்கிறேன்.