சிஏஎஸ் ப்ரமோஷன்: கிளாஸுக்கு ஒரு டிக், பேப்பருக்குத்தான் மார்க்

ஒரு யுனிவர்சிட்டி எம்பிஏ டிபார்ட்மென்ட்ல வேலை, போன மாசம்தான் சிஏஎஸ்ல (கேரியர் அட்வான்ஸ்மென்ட் ஸ்கீம், வேலையில இருக்கற ஆசிரியர்களுக்கான ப்ரமோஷன் திட்டம்) அசோசியேட் ப்ரொஃபசர் ஆர்டர் கைக்கு வந்துச்சு. ஃபைல் எப்படிப் போட்டீங்கன்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதறேன்.

எல்லாத்துக்கும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ரெகுலேஷன்தான். அதுல டீச்சிங்கை எப்படி அளக்கறாங்கன்னு பாத்தா சிரிப்பு வரும், ஒதுக்கின கிளாஸ்ல 80% எடுத்திருந்தா ‘குட்’, 70-லருந்து 80-க்குள்ளன்னா ‘சேட்டிஸ்ஃபேக்டரி’, அவ்ளோதான். பசங்க தூங்குனாங்களா முழிச்சிருந்தாங்களான்னு கேக்க கட்டமே இல்ல. ரிசர்ச்சுக்கு மட்டும் ஸ்கோர் 70 வேணும். மேனேஜ்மென்ட்ல ஒரு பேப்பருக்கு 10, ரெண்டு பேர் சேந்து எழுதினா ஆளுக்கு 70%, அதாவது 7. ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டரை (அதோட பேப்பர்களை மத்தவங்க எவ்ளோ மேற்கோள் காட்டறாங்கங்கற கணக்கு) வெச்சு இது ஏறும். எப்படிப் பாத்தாலும் 70 தொட நிறைய உழைக்கணும், வாரம் 16 மணி நேர கிளாஸுக்கு நடுவுல.

திருப்பூர்ல ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் (மத்த கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செஞ்சு தர்ற இடம்) போய் ஓனர்கிட்ட பேசி, டெலிவரி ஏன் லேட்டாகுதுன்னு ஆபரேஷன்ஸ் கிளாஸுக்கு ஒரு கேஸ் ஸ்டடி ரெடி பண்ணேன். கிளாஸ் ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு, எனக்குப் பிடிச்ச கிளாஸ் அதுதான். யுஜிசி மார்க் அட்டவணைல அதுக்கு ஒரு வரி கூட கிடையாது. அப்புறம் அதே ஊர்ல இன்னும் சில யூனிட்ல டேட்டா எடுத்து கொலீக்கோட பேப்பராக்கினோம், 7 மார்க் வந்துச்சு. நான் சொல்ற ஒரே ட்ரிக் இதுதான், எடுக்கற பாடத்துக்குள்ளயே ரிசர்ச்சைத் தேடுங்க, தனித்தனியா ஓட நேரம் பத்தாது.

பேப்பர் வந்த அன்னிக்கே ஜர்னல் கேர் லிஸ்ட்ல (யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியல்) இருக்கறதை தேதியோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன், 2025-ல அந்த லிஸ்டையே யுஜிசி நிறுத்தினப்போ அதுதான் காப்பாத்துச்சு. டைம்டேபிள், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் காப்பில ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்தை வருஷா வருஷம் வாங்கிடுங்க, ஹெச்ஓடி மாறிட்டா அலையணும்.

இன்டர்வியூல எக்ஸ்டர்னல்ஸ் (வெளியிலருந்து வந்த எக்ஸ்பர்ட்ஸ்) சாம்பிள் சைஸ், ரெஸ்பான்ஸ் ரேட்னு பேப்பரையே நோண்டுனாங்க. கடைசில ஒருத்தர் மட்டும் என்ன எலக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கறீங்கன்னு கேட்டார், நான் பதிலை முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.

அடுத்து ப்ரொஃபசருக்கு ரிசர்ச் ஸ்கோர் 110 வேணும். இந்த செமஸ்டருக்கும் ரெண்டு எலக்டிவ் தலைல கட்டிட்டாங்க, பாப்போம்.