தொள்ளாயிரமும் ஒரு புல் ரிக்வெஸ்டும்

எண்களைத் தமிழ்ச் சொற்களாக மாற்றும் சின்ன லைப்ரரி ஒன்றை, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரலை, ஆறு வருடமாக நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பராமரிக்கிறேன். காவேரிப்பட்டணத்தில் மாமாவின் மாங்காய் மண்டி பில்லுக்காக எழுதியது. அப்புறம் யார் யாரோ எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

போன வாரம் ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘இந்த மாற்றத்தை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை. நானூறு வரி, அழகான விளக்கம். படித்துப் பார்த்தால் 900-க்கு ‘ஒன்பது நூறு’ என்று இருந்தது. தொள்ளாயிரம் என்று சரிபார்க்கும் டெஸ்ட்டையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். விசாரித்தேன். அனுப்பியவருக்குத் தமிழே தெரியாதாம். ஏஐ எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

எனக்கே இப்படியென்றால் பெரிய திட்டங்களை நடத்துபவர்கள் என்ன செய்வார்கள்? இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருள் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய வெற்று அறிக்கைகள் குவிந்ததால், பாதுகாப்புப் பிழைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கான பரிசுத்தொகையை 2026 ஜனவரியோடு நிறுத்தினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளில் 2024-இல் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே புகும் வழி, வைத்தவர் அந்தத் திட்டத்துக்குள் இடம்பிடித்ததும், தனியாளாகப் பராமரித்தவர் களைத்துப்போயிருந்த நேரத்தில்தான்.

நானும் டெஸ்ட் எழுத ஏஐயைப் பயன்படுத்துகிறேன். என் கவலை வேறு. முன்பு தர்மபுரியில் ஒரு கல்லூரி மாணவர் சந்தேகம் கேட்டு வந்தார். மூன்றே மாதத்தில் பின்னப் பகுதி முழுவதையும் அவரே எழுதிக்கொடுத்தார். இப்போது சந்தேகங்களெல்லாம் கருவியிடமே போய்விடுகின்றன. அப்படி ஒருவர் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

அந்த ரிக்வெஸ்ட்டை ஏற்காமல் மூடிவிட்டேன். பங்களிப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 1 முதல் 1000 வரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.