காரை, சூரை, வேல், இலுப்பை: செட்டிநாட்டு ஊர்ப்பெயர்களைத் தேடி

திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் ரயில் பாதையில் திருமயம் தாண்டியதும் ‘செட்டிநாடு’ என்று ஒரு நிலையம் வரும். வட்டாரத்தின் பெயரை வாங்கிக்கொண்டு அது நிற்பதோ கானாடுகாத்தானுக்கு. அங்கேதான் இறங்கினேன்.

கானாடுகாத்தான் என்றால் ஏதோ ஒரு ஆளைக் கூப்பிடுவது போலிருக்கிறது. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பது பழைய நாட்டுப் பிரிவு. கானாட்டைக் காத்தவன் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது என்கிறார்கள். அரண்மனைத் தெருவில் திண்ணையில் இருந்த ஆச்சியிடம், காத்தவர் யார் என்று கேட்டேன். “அதெல்லாம் யாரு கண்டா தம்பி? மொதல்ல வெயில்ல நிக்காம உள்ள வாங்க” என்றார். மோர் கிடைத்தது.

காரைக்குடிக்குப் போனால் இரண்டு கட்சி. சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகளால் வந்த பெயர் என்பது ஒன்று. காரை முட்செடி மண்டிக் கிடந்த இடம் என்பது மற்றொன்று. என் ஓட்டு செடிக்குத்தான். சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்களேன்: சூரைச் செடியால் சூரக்குடி, வேல மரத்தால் வேலங்குடி, இலுப்பையால் இலுப்பைக்குடி. மூன்றும் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்கள் இருக்கும் ஊர்களில் அடங்கியவை. அக்கம்பக்கமெல்லாம் மரமும் முள்ளுமாக இருக்க, காரைக்குடி மட்டும் கொத்தனாரிடம் பெயர் வாங்கியிருக்குமா? பெரிய வீடுகள் கட்ட பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் வந்து இறங்கியதெல்லாம் பிற்பாடு. இங்கே முதலில் குடியேறியவர்கள் கண்டது வானம் பார்த்த பூமியும் புதரும்தான்.

கீழச்சிவல்பட்டியில் பேருந்தை விட்டு இறங்கினால் செருப்பெல்லாம் சிவப்பு. செவல் மண். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பள்ளத்தூரும் அப்படியே.

நெற்குப்பை பலகையைப் பார்த்துப் பேருந்தில் வந்த வெளியூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். குப்பை என்றால் பழந்தமிழில் குவியல். நெல்லைக் குவித்துவைத்த ஊருக்கு இதைவிடப் பெருமையான பெயர் எது?

எனக்கு மனசு ஆறாதது மகிபாலன்பட்டி விஷயத்தில்தான். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாடிய கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்பார்கள். அவ்வளவு அழகான பெயரை எப்படித்தான் விட மனசு வந்ததோ!

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மகிபாலன்பட்டிக்குத் திருப்பத்தூர் வழியாகப் போகலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். சென்னையில் டிக்கெட் எடுக்கும்போது மாவட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜோலார்பேட்டைப் பக்கம் இறக்கிவிட்டுவிடுவார்கள்.