கோட்டை காமிக்ஸ்: வரையும் நாட்களின் குறிப்பு

ஜூன் 4

1806 ஜூலை 10 அன்று நம்ம வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சிதான் கதை. இன்று மதில் ஏறும் பக்கம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியைக் கயிற்றில் கட்டி மேலே தூக்குகிறார்கள், அதற்குப் பக்கத்தின் உச்சியிலிருந்து அடி வரை ஒடுக்கமான ஒரே கட்டம்தான் வேண்டும், சுவரின் உயரம் கட்டத்தின் வடிவத்திலேயே தெரியணும். அதை இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் வைத்து, இந்தப் பக்கம் இரண்டு சின்னக் கட்டங்களை மேலும் கீழுமாக அடுக்கினால், முதலாவதைப் படித்ததும் கீழே இறங்குவதா பக்கத்துக்குத் தாவுவதா என்று கண் தடுமாறும்.

ஜூன் 6

படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிப்பது எனக்குப் பிடிக்காது. தமிழில் வார்த்தைகள் நீளம், 'சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்' ஒன்றே வசனம் எழுதும் பலூனை அடைத்துவிடும், நடுவில் உடைத்தால் படிக்கச் சகிக்காது. அதனால் ரஃப்பிலேயே, அதாவது முதல் கோட்டு வரைவிலேயே, வசனத்தை எழுதி, சுற்றி பலூன் போட்டு, அப்புறம்தான் ஆட்களை நிறுத்துகிறேன். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம், அவர் பலூன் மேலே. மாற்றி நிறுத்தினால் பலூன் வால்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

வசனம் தங்கச்சியுடையது. கொஞ்சம் சுருக்கச் சொன்னேன்.

"சிப்பாய் பேசற இடத்துல 'சுடறாங்க'ன்னு போட்டுக்கோண்ணா. கதை சொல்ற வரியில கை வைக்காத, கட்டத்தை அகலமாக்கு."

சரி என்று மேல் வரிசை முழுவதையும் ஒரே கட்டமாக்கினேன். அகழிக்கும் இடம் கிடைத்தது.

ஜூன் 9

விடியலுக்கு முன் முதல் வெடி. தூங்கும் பாரக்ஸுக்கு அகலமான கட்டம், ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அடுத்து துண்டு துண்டாக: விசையில் விரல், திறக்கும் கண், கவிழும் விளக்கு. கட்டம் சுருங்கச் சுருங்க வேகம் கூடுகிறது.

ஜூன் 13

பீரங்கியால் கதவைத் தகர்க்கும் காட்சி பக்கத்தைப் புரட்டியதும் முகத்தில் அறைய வேண்டும், அதாவது அது இடப்பக்கத்தில், இரட்டைப்படை எண்ணில் விழணும். இப்போதைய கணக்கில் 17இல் விழுகிறது, எதிர்ப்பக்கம் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் கூட்டியாக வேண்டும். சும்மா நிரப்பலாகாது, ஆகவே தலைப்பாகைக்குக் கொடுக்கிறேன்: புரட்சிக்குக் காரணமான, 1805 நவம்பரில் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை, அழிக்கச் சொன்ன திருநீறும் நாமமும், மழிக்கச் சொன்ன தாடி. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே அளவுக் கட்டம், மூன்று வரிசை. இதைக் கதையின் முன்பாதியில் செருகினால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் ஒன்று தள்ளும், கதவு 18க்கு வந்துவிடும். தங்கச்சியிடம் வசனம் கேட்டிருக்கிறேன், ஒரு முகத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி.