தோடம்பழமும் ஒரு சூரிய உதயமும்

டொராண்டோ வந்த எட்டாவது மாதம், நல்ல குளிர்கால ஜனவரியில், ஆபீஸ் ஆட்கள் நான்கு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பிரியாணி பிரச்சினையில்லை. குடிக்க என்ன கொடுப்பது? அவர்கள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஏதாவது கலந்து கொடுத்திருக்கிறார்கள். டெகிலா என்ற மெக்ஸிகோ மதுவைப் பழச்சாறோடு கலக்கும் டெகிலா சன்ரைஸ் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். படத்தில் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்: அடியில் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, மேலே மஞ்சள்.

மதுரையில் டாஸ்மாக் வந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தவள் நான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலும் விற்பது அரசாங்கம்தான். எல்.சி.பி.ஓ. என்று பெயர், 1927இலிருந்து. பீரும் ஒயினும் இப்போது பெட்டிக்கடையிலேயே கிடைக்கின்றன. டெகிலாவுக்கு எல்.சி.பி.ஓ.வுக்குத்தான் போக வேண்டும். உள்ளே சூப்பர் மார்க்கெட் வெளிச்சம், தள்ளுவண்டி, பிள்ளையை இடுப்பில் வைத்த அம்மா. இங்கேயும் முன்பெல்லாம் சீட்டில் எழுதி நீட்டினால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்களாம். நாமே எடுத்துக்கொள்ளும் முதல் கடை 1969இல்தான் வந்தது.

பில் போடும் பெண் அடையாள அட்டை கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. 25 வயதுக்குக் கீழே தெரிகிறவர்களிடம் கேட்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு 36. ஜி1 அட்டையை, அதாவது கார் ஓட்டப் பழகுபவர்களுக்கான லைசென்ஸை நீட்டினேன். கார் ஸ்டியரிங்கை இன்னும் தொட்டதில்லை, அட்டைக்கு முதல் வேலை இதுதான்.

பழம் வாங்க ஸ்கார்பரோ தமிழ்க் கடை. "ஆரஞ்சு எங்கே அண்ணா?" என்றேன். "தோடம்பழமோ தங்கச்சி? அங்கால கிடக்கு." அதன் பக்கத்திலேயே மாதுளையும் இருந்தது.

மாதுளைதான் முக்கியம். அடியில் நிற்கும் சிவப்பு கிரெனடின், அதாவது மாதுளைச் சர்பத். நான் மளிகைக் கடையில் புரட்டிப் பார்த்த பாட்டிலில் மாதுளையே இல்லை, சோளச் சர்க்கரையும் நிறமும்தான். வீட்டிலேயே காய்ச்சினேன். ஒரு கப் சாறுக்கு அரை கப் சர்க்கரை போட்டேன். ஆரஞ்சுச் சாற்றில் ஊற்றினால் பாதி வழியிலேயே கலங்கி நின்றுவிட்டது. அப்போதுதான் ஊர் நன்னாரி சர்பத் ஞாபகம் வந்தது. கடைக்காரர் ஸ்பூனை விட்டு அடிக்கும்வரை பாகு அடியை விட்டு அசையாதே! சர்க்கரைதான் கனம். அடுத்த தடவை கப்புக்குக் கப் போட்டு, கரையும்வரை மட்டும் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டேன்.

கிளாஸ் நிறைய ஐஸ், 45 மி.லி. டெகிலா, 90 மி.லி. புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறு. இந்த இரண்டையும் முதலிலேயே கலக்கிவிட வேண்டும். பிறகு 15 மி.லி. பாகைக் கிளாஸின் உள்சுவரோடு மெதுவாக வழியவிட்டால், அதுவே அடிக்குப் போய் உட்காரும். அதற்கப்புறம் ஸ்பூன் படக் கூடாது. காபியை ஆற்றியே பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். டெகிலா இல்லாமல் கணவருக்கு ஒரு சோதனைக் கிளாஸ் கொடுத்தேன். "அடியில சர்க்கரை தங்கிடுச்சே" என்று நல்ல மனதோடு கலக்கிவிட்டார். இருமல் மருந்து நிறம்.

விருந்தன்று நான்கு கிளாஸும் அடுக்கு கலையாமல் நின்றன. எங்கள் மெக்ஸிகோக்காரத் தோழி சிரித்தாள். டெகிலா தங்கள் ஊருடையதுதான், ஆனால் இந்த வேலை கலிபோர்னியாக்காரர்களுடையது என்றாள். அது சரிதான்: இப்போதைய இந்தக் கலவை 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாசலிட்டோ ஊரில் பிறந்தது. அவள் வீட்டில் பலோமாதான், டெகிலாவில் கிரேப்ஃப்ரூட் சோடா. நம் பம்பளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழம், அடுத்த முறை அதைத்தான் பார்க்க வேண்டும். சொல்லி முடித்ததும் ஸ்ட்ராவை எடுத்து என் சூரிய உதயத்தை ஒரே சுற்றில் கலக்கிவிட்டாள்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 20 சென்ட் கிடைக்கும். கணவருக்கு அது நல்லெண்ணெய் ஊற்றி வைக்க வேண்டுமாம். இன்னும் அடுப்பு மேடையிலேயே நிற்கிறது.