ழகரம் கைகொடுத்தது, லண்டன் காலை வாரியது

ஓர் அமெரிக்கத் தொடரில் ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த தாதி வேடம். செல்ஃப்-டேப் (நாமே நடித்துப் பதிவுசெய்யும் தேர்வுக் காணொளி) அனுப்பச் சொல்லி ஏஜென்ட் எழுதியிருந்தார்; அமெரிக்க உச்சரிப்பு வருமா என்ற கேள்வியும் கூடவே. வரும் என்றுதான் எந்த நடிகரும் எழுதுவார். நானும் எழுதினேன். என்னைப் போன்ற லண்டன் நடிகர்கள் இப்படி அனுப்புவது புதிதல்ல. 'ஹவுஸ்' தொடருக்கு (2004–2012) இங்கிலாந்து நடிகர் ஹியூ லாரி தன் பதிவை நமீபியாவில் ஒரு ஹோட்டல் குளியலறையில் நின்று எடுத்து அனுப்பினார். அமெரிக்க நகரமான பால்டிமோரின் கதையைச் சொல்லும் 'தி வயர்' தொடரில் டொமினிக் வெஸ்ட், இட்ரிஸ் எல்பா இருவருமே இங்கிலாந்துக்காரர்கள்.

வேடம் கிடைத்ததும் டயலெக்ட் கோச் (உச்சரிப்புப் பயிற்சியாளர்) ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். முதல் வகுப்பில் வசனத்தைத் தொடவே விடவில்லை. தாடையை எவ்வளவு தளர்த்துவது, சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே கிடக்க வேண்டும், இவ்வளவுதான். அடுத்து 'ஆர்'. 'நர்ஸ்', 'கார்' போன்ற சொற்களில் லண்டன்காரர் விழுங்கிவிடும் அந்த ஒலியை அமெரிக்கர் முழுதாகச் சொல்வார்கள். "நாக்கு நுனியைப் பின்னால் வளை, எதிலும் முட்டவிடாதே" என்றார் கோச். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ழகரம் படிப்பித்த ரீச்சர் சொன்னதும் இதேதான்! (வீட்டில் நாங்கள் யாழ்ப்பாண வழக்கில் 'வாளைப்பளம்' என்றுதான் கதைப்போம், அது வேறு விஷயம்.) 'வாட்டர்' நடுவில் வரும் 'டி'யும் அமெரிக்க வாயில் கிட்டத்தட்ட நம் ரகரம். வசனத்தாளின் ஓரத்தில் 'நழ்ஸ்', 'வாரழ்' என்று தமிழிலேயே கிறுக்கி வைத்தேன்.

பயந்தது எளிதாக வந்தது. என்னிடம் இருப்பதே தெரியாத ஒன்றுதான் படுத்தியது. ஒரு சொல் சில உயிரொலிகளில் முடிந்து அடுத்தது உயிரொலியில் தொடங்கினால் லண்டன் நாக்கு இடையில் இல்லாத ஒரு 'ஆர்' செருகும். 'ஐ சோ இட்' (I saw it) என்பது 'ஐ சோர் இட்' ஆகும்; 'ஐடியா ஆஃப்' என்பது 'ஐடியார் ஆஃப்'. இங்கே யார் காதிலும் விழாது, அமெரிக்கக் காதில் உடனே உறுத்தும். எல்லா 'ஆர்'ஐயும் சொல் என்று பழக்கிய நாக்குக்கு இதை மட்டும் சொல்லாதே என்று புரியவைப்பது லேசில்லை.

'ஐடியா' என்ற பெயரிலேயே ஓர் இணையக் காப்பகம் இருக்கிறது. உலகெங்கும் ஆங்கிலம் பேசுவோரின் குரல்களை இலவசமாகக் கேட்கலாம். கொடுத்த பத்தியை அவர்கள் வாசிப்பதைவிட, பிறகு தங்கள் ஊரைப் பற்றிச் சும்மா கதைப்பதைக் கேளுங்கள். ஏற்ற இறக்கம் அங்கேதான் பிடிபடும். பிறகு அந்த உச்சரிப்பிலேயே கத்தவும் அழவும் பழக வேண்டும், கோபம் வந்ததும் முதலில் கழன்று விழுவது உச்சரிப்புத்தான். நான் கறிச்சட்டியைத் திட்டிப் பழகினேன். "என்ன பிள்ளை, பேய் பிடிச்சிட்டுதோ?" என்றார் அம்மா.

படப்பிடிப்பில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து இரவு வண்டி ஏறும்வரை அதே உச்சரிப்புத்தான். ஷாட்டுக்கு மட்டும் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு, எனக்குச் சரிவராது. அம்மா அழைத்தால் தமிழில் தாராளமாகக் கதைப்பேன், அதனால் ஒன்றும் கெடாது. ஆங்கிலத்தில் பேசும் தம்பியின் போனைத்தான் எடுப்பதில்லை.