ஜயபாகுவுக்கு ஒரு மோட்ச அர்ச்சனை

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் சந்நிதியில் கட்டியம் என்ற புகழுரையைக் கூறும்போது ‘ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு’ என்ற பெயர் வரும். சிறுமியாக இருந்த காலத்தில், அந்த இடம் வந்ததும் அப்பா என் தோளை மெல்ல அழுத்துவார். “கோயில் கட்டிய அரசர், பிள்ளை” என்பார். கொழும்பில் குடியேறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான், அந்த அரசனின் ஊர் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கோட்டேக்குப் புறப்பட்டேன். மாலையில் கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போவதென்று நேர்ந்துகொண்டிருந்தேன்.

கோட்டேயில் பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை. எத்துல் கோட்டேயில் வீட்டு மதில்களுக்கு நடுவே பழைய அரணின் செம்பூராங்கல் தெரிகிறது. கையை வைத்தேன். முந்திய இரவு பெய்த மழையில் ஊறிக் குளிர்ந்திருந்தது. கல்லின் துளையொன்றிலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. 1412 முதல் 1467 வரை ஆண்டு, இலங்கை முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த ஆறாம் பராக்கிரமபாகுவின் தலைநகரம் இதுதான்.

அவனுடைய வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா. நாம் செண்பகப் பெருமாள் என்கிறோம். மலையாளக் கரையிலிருந்து வந்த பணிக்கர் ஒருவரின் மகன் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதிவைத்திருக்கிறார். 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்று, அதன் அரசன் கனகசூரிய சிங்கையாரியனைக் கடல் கடந்து ஓடவைத்தவன் அவன். பின்னாளில் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டே அரசனான அவனே நல்லூர்க் கோயிலை எழுப்பியவன் என்பார்கள். அதற்கு முன்னரே புவனேகபாகு என்ற அமைச்சர் கட்டியதை இவன் புதுப்பித்தான் என்பாரும் உண்டு. எப்படியானாலும் ஸ்ரீசங்கபோதி என்பது சிங்கள மன்னர்கள் சூடிய பட்டப்பெயர். கட்டியத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்தது கோட்டே அரசனின் பெயர் என்றே நான் நம்புகிறேன்.

பராக்கிரமபாகுவுக்கு ஒரு மகள் இருந்தாள். உலகுடைய தேவி. கோட்டே அரண்மனையில் எவ்வளவு அழகான தமிழ்ப் பெயர்! அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று களனியில் உறையும் விபீஷணனிடம் மன்றாடுவதற்காக, ஒரு நாகணவாய்ப் பறவையைத் தூது அனுப்பிப் பாடினார் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர். ‘செலலிஹினி சந்தேசய’ என்ற அந்தச் சிங்களத் தூதுக்காவியத்தில் பறவை போகும் வழியில் ஓர் ஈசுவரன் கோயில் வருகிறது. அங்கே தமிழில் துதிப்பாடல்கள் பாடப்படுகின்றன. இந்தச் செய்தியை முதலில் அறிந்த நாளில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு பிள்ளைக்கான வேண்டுதல் எங்கள் சிவன் கோயில் வாசல் வழியாகப் போயிருக்கிறது. கோட்டேயில் அந்தக் காலை முழுவதும் நடந்தும் அந்தக் கோயிலின் ஒரு கல்லைக்கூட நான் காணவில்லை.

பிள்ளை பிறந்தான். ஜயபாகு. தாத்தாவுக்குப் பின் அரியணை அவனுக்கே வந்தது. செண்பகப் பெருமாள் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து படையோடு இறங்கி வந்து, சில ஆண்டுகளிலேயே அவனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடினான். வடக்கே கனகசூரியன் திரும்பிவந்து தன் நாட்டை மீட்டுக்கொண்டான்.

அப்படிப் பெற்ற முடிக்கு அமைதி வரவில்லை. புவனேகபாகுவின் வாரிசை அம்புலுகல குமாரயா என்ற இளவரசன் கொன்றான். 1521இல் கோட்டே அரசன் விஜயபாகுவை அவன் பெற்ற மக்கள் மூவருமே சேர்ந்து கொல்வித்து, நாட்டை மூன்றாகப் பங்கிட்டார்கள். அந்த மூவரில் மூத்தவன், தன் பேரன் தர்மபாலனின் பொற்சிலையை லிஸ்பனுக்கு அனுப்பி, 1543இல் போர்த்துக்கேய அரசன் கையால் அதற்கு முடிசூட்டுவித்தான். தம்பி மாயாதுன்னைக்கு அஞ்சியே அதைச் செய்தான். 1565இல் கோட்டே கைவிடப்பட்டது.

பிற்பகலில் புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடைக்கு நடந்தேன். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுவதும் கருங்கல்லாலே எழுப்பினார். தந்தையைக் கொன்ற மக்களின் கதையோடு வந்த எனக்கு, தந்தை தொடங்கிய திருப்பணியை மகன் கல்லில் நிலைநிறுத்திய அந்த மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நெஞ்சு இளகியது. உள்ளே பகலிலும் இருள். எண்ணெய் மணம். விளக்கின் சுடர் கருந்தூண்களில் அசைந்து, தூண்களே மூச்சு விடுவதுபோலத் தெரிந்தது.

மோட்ச அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கி, தட்டோடு குருக்களிடம் போனேன்.

“பெயர்?”

“ஜயபாகு.”

“நட்சத்திரம்?”

“தெரியாது ஐயா.”

“உங்களுக்கு என்ன உறவு, பிள்ளை?”

“உறவில்லை ஐயா. கோட்டேயில் இருந்த அரசகுமாரன். அரியணைக்காகக் கொன்றுவிட்டார்கள்.” ஏறத்தாழ 550 ஆண்டுகள் ஆகின்றன என்றும் சொன்னேன். கொன்றவனின் பெயரை முருகன் சந்நிதியில் இன்றும் சொல்கிறார்கள். கொல்லப்பட்டவனின் பெயரைச் சிவன் சந்நிதியில் ஒரு முறையாவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். தேங்காயைக் கையில் எடுத்தவர் நின்று, “வேறு பெயர் ஏதும் உண்டா?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்குக் கோயில் தந்தவனை நான் எப்படி விட்டுவிட்டு வர முடியும்? அப்பா காட்டித் தந்த பெயரல்லவா?

“புவனேகபாகு” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நல்லூர்க் கட்டியத்தில் வருகிற பெயர்.”

“ஓம் ஐயா. அவர்தான்.”

அவர் உள்ளே போனார். திரைக்கு அப்பால் மணி அசைந்தது. இரண்டு பெயரையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது என் காதில் விழுந்தது. பின்னால் யாரோ ஒருவர் தேவாரம் பாடத் தொடங்கியிருந்தார்.